பிராப் என்றால் 31 மட்டும்தானா?

திரைக்கதை வகுப்பு ஒன்றில் விளாதிமிர் பிராப் என்ற ரஷ்யரின் 31 அம்சப் பட்டியலைக் கொடுத்து, உலகத்தில் எந்தக் கதையையும் இதற்குள் அடக்கிவிடலாம் என்று சொன்னார்களாம். யார் இந்தப் பிராப், இந்தப் பட்டியலைத் தவிர வேறென்ன செய்தார் என்பது கேள்வி.

முதலில் அந்த "எந்தக் கதையையும்" என்பதைக் கழற்றி வைத்துவிடலாம். பிராப் அப்படிச் சொன்னவர் இல்லை. அவர் எடுத்துக்கொண்டது ஒரு நாட்டின் ஒரே ஒரு கதை வகை: ரஷ்ய மாயக்கதை, அதாவது மந்திரப் பொருளும் அரக்கியும் நாகமும் வரும் நாட்டார் கதை. அதிலும் ஒரே தொகுப்பிலிருந்து சுமார் 100 கதைகள். அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு ஓடுவதைக் காட்டினார். அதோடு விடாமல், அந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போய் இன்னொரு பெரிய புத்தகம் எழுதினார். வகுப்புகளில் கைமாறுவது முதல் பாதி மட்டும்தான். என்னைக் கேட்டால் இரண்டாம் பாதிதான் சுவாரசியம். ஓட்டைகளும் அதில்தான் அதிகம்.

ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1895 ஏப்ரலில் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பிறந்தார். வோல்கா ஆற்றங்கரையில் குடியேறிய ஜெர்மானியர்களின் வழிவந்த குடும்பம். பெற்றோர் வைத்த பெயர் ஹெர்மன் வால்டெமார். 1913 முதல் 1918 வரை அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழியும் ஜெர்மன் மொழியும் படித்தார். அதாவது, உலகப்போருக்கு முந்தைய வருடம் உள்ளே போனவர், புரட்சிக்கு அடுத்த வருடம் வெளியே வந்தார். பிழைப்புக்குப் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. அப்புறம் கல்லூரிகளில் ஜெர்மன் கற்பித்தார், ஜெர்மன் பாடநூல்களும் எழுதினார். நாட்டார் கதை ஆராய்ச்சி என்பது அவருக்கு அப்போது சம்பளம் தரும் தொழிலே இல்லை.

கல்லூரியை விட்டு வந்த கையோடு அவர் கையில் எடுத்த புத்தகம் அஃபனாசியெவின் ரஷ்ய நாட்டார் கதைத் தொகுப்பு. இந்த அலெக்சாண்டர் அஃபனாசியெவ் (1826–1871) யார் என்று தெரியாமல் பிராபின் கதை புரியாது. வரோனெஷ் மாகாணத்துக்காரர், சட்டம் படித்தவர், மாஸ்கோவில் வெளியுறவு அமைச்சகத்தின் ஆவணக் காப்பகத்தில் வேலை. ஊர் ஊராகப் போய்க் கதை கேட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் நேரடியாகக் கேட்டு எழுதியவை மிகக் கொஞ்சம். ரஷ்யப் புவியியல் கழகத்தின் காப்பகத்தில் கிடந்தவை, அகராதிக்காரர் விளாதிமிர் தால் தூக்கிக் கொடுத்தவை என்று பலர் சேகரித்ததை வாங்கிப் பதிப்பித்தார். 1855-லிருந்து 1863 வரை எட்டுப் பகுதிகளாக, கிட்டத்தட்ட 600 கதைகள். கிரிம் சகோதரர்கள் அளவுக்குக் கதைகளின் நடையைத் திருத்தி மெருகேற்றும் பழக்கம் இவருக்கு இல்லை. ஒரே கதை மூன்று மாவட்டத்தில் மூன்று விதமாகக் கிடைத்தால் மூன்றையும் அச்சிட்டார். பாதிரிமார்களைக் கிண்டல் செய்யும் கதைகளை உள்நாட்டில் அச்சிட முடியாது; அவை பின்னால் ஜெனீவாவில் ரகசியமாக வெளிவந்தன. 1862-ல், லண்டனில் இருந்த அரசு எதிர்ப்பாளர்களோடு தொடர்பு என்ற சந்தேகத்தில் வேலை போயிற்று. சேர்த்து வைத்த நூலகத்தை விற்றுச் சாப்பிட்டார். காசநோயில் 45 வயதில் போய்விட்டார்.

சாவதற்கு முன் தன் தொகுப்பை வரிசைப்படுத்தி இரண்டாம் பதிப்புக்குத் தயார் செய்து வைத்திருந்தார். 1873-ல் வந்த அந்தப் பதிப்பில் விலங்குக் கதைகள் ஒரு பக்கம், மாயக்கதைகள் ஒரு பக்கம், அன்றாட வாழ்க்கைக் கதைகள் ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்கியிருந்தார். ஒன்றுபோல் இருப்பவை அடுத்தடுத்து வந்தன. இந்த அடுக்குமுறைதான் பிராபுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்பது என் எண்ணம். இந்த அடுக்குமுறையில் வந்த பழைய பதிப்பு ஒன்றின் 50-ஆம் எண்ணிலிருந்து அவர் படிக்கத் தொடங்கினார். மாற்றாந்தாய் கொடுமைப்படுத்தும் பெண்ணின் கதைகள் வரிசையாக வந்தன. ஒன்றில் சித்தி அந்தப் பெண்ணைக் காட்டில் உறைபனிக் கிழவன் மரோஸ்கோவிடம் அனுப்புகிறாள். அவன் குளிரை ஏற்றி ஏற்றிச் சோதிக்கிறான், அவள் பணிவாகவே பதில் சொல்கிறாள், பரிசோடு வீடு திரும்புகிறாள். சித்தியின் சொந்த மகள் போகிறாள், வெடுக்கென்று பேசுகிறாள், செத்துப்போகிறாள். அடுத்த கதையில் மரோஸ்கோ இருந்த இடத்தில் வனப்பேய். அதற்கடுத்ததில் கரடி. இதெல்லாம் ஒரே கதையாயிற்றே, வேறு வேறு கதை என்று எப்படி இத்தனை நாள் எண்ணினார்கள் என்று தனக்குத் தோன்றியதாகப் பல வருடம் கழித்து அவரே எழுதியிருக்கிறார்.

அன்றைய நிலைமையில் இது சாதாரணக் கேள்வி இல்லை. நாட்டார் கதை ஆராய்ச்சி என்றால் அப்போது பெரும்பாலும் "எங்கிருந்து வந்தது?" என்ற ஆராய்ச்சிதான். ஜெர்மனியின் தியோடோர் பென்ஃபே 1859-ல் பஞ்சதந்திரத்தை மொழிபெயர்த்து, ஐரோப்பியக் கதைகளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து நடந்து வந்தவை என்று வாதாடினார். அஃபனாசியெவ் தன் ஆராய்ச்சி நூலில் கதையில் வரும் நாகத்தை இடிமேகம் என்றார், நாயகனை இடிக்கடவுள் என்றார். எதைத் தொட்டாலும் மேகமும் மின்னலும்தான். பின்லாந்துக்காரர் ஆண்டி ஆர்னே 1910-ல் கதைகளுக்கெல்லாம் எண் போட்டு அட்டவணை தயாரித்தார். அதில் நாகத்தோடு சண்டை ஓர் எண், மாயப் பொருள் இன்னோர் எண். ஒரே கதையில் இரண்டும் வந்தால் எந்த எண்ணில் சேர்ப்பது? பிராபுக்கு இது பிடிக்கவில்லை. கதை எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு முன், கதை என்பது என்ன என்று தெரிய வேண்டாமா என்பது அவர் நிலைப்பாடு.

அவர் கொடுக்கும் உதாரணம் எளிமையானது. ராஜா நாயகனுக்குக் கழுகு தருகிறார்; கழுகு அவனை வேறு ராஜ்யத்துக்குத் தூக்கிப் போகிறது. கிழவர் ஒருவர் குதிரை தருகிறார். குதிரை தூக்கிப் போகிறது. மந்திரவாதி படகு தருகிறான், படகு கொண்டுபோகிறது. இளவரசி மோதிரம் தருகிறாள். மோதிரத்திலிருந்து வாலிபர்கள் கிளம்பி வந்து தூக்கிப் போகிறார்கள். ஆட்கள் மாறுகிறார்கள், பொருள் மாறுகிறது, நடப்பது மாறவில்லை. இப்படி மாறாமல் நிற்பதைத்தான் 'செயல்' என்ற அலகாக எடுத்தார்.

இங்கே பலர் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. செயல் என்பது வெறுமனே நடந்த காரியம் இல்லை. கதையின் ஓட்டத்தில் அந்தக் காரியம் எந்த வேலையைச் செய்கிறது என்பதே கணக்கு. அப்பா கொடுத்த 100 ரூபிளில் மகன் ஒரு மந்திரப் பூனை வாங்குகிறான் என்றால் அந்தப் பணம் கதையின் நடுவே அவனுக்குத் துணை தேடித் தரும் வேலையைச் செய்கிறது. வீரச்செயலுக்குப் பரிசாக 100 ரூபிள் வாங்கிக்கொண்டு கதை முடிகிறது என்றால் அதே பணம் முற்றிலும் வேறு செயல். பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் சறுக்கும் இடம் இதுதான். பணம் கைமாறுகிறதா, சரி, பரிசு என்று குறித்துவிடுவார்கள்.

இப்படி எண்ணிப் பார்த்ததில் 31 செயல்கள் தேறின. வீட்டில் ஒருவர் வெளியே போவதில் தொடங்கி, நாயகன் கல்யாணம் செய்துகொண்டு அரியணை ஏறுவதில் முடிகிறது வரிசை. எல்லாச் செயலும் எல்லாக் கதையிலும் வராது. ஆனால் வருபவை இந்த வரிசையில்தான் வரும் என்றார். செய்பவர்களையும் ஏழு வட்டங்களுக்குள் அடக்கினார்: வில்லன், மாயப்பொருள் கொடுப்பவர், துணைவர், இளவரசியும் அவள் தகப்பனும், அனுப்பி வைப்பவர், நாயகன், போலி நாயகன். ஓர் ஆளே இரண்டு வட்டத்தில் நிற்கலாம், ஒரு வட்டத்தை இரண்டு பேர் பங்குபோடலாம்.

வறட்டுச் சூத்திரமாகத் தோன்றுகிறதா? அவரே பிரித்துக் காட்டிய ஒரு கதையைப் பார்ப்போம். பெயர் 'அன்ன வாத்துகள்'. அப்பாவும் அம்மாவும் வெளியே கிளம்புகிறார்கள். மகளிடம், "தம்பியைப் பார்த்துக்கோ, முற்றத்தைத் தாண்டாதே, வரும்போது உனக்குத் தலைத்துணி வாங்கி வருகிறோம்" என்கிறார்கள். அவர்கள் அந்தப் பக்கம் போனதும் இவள் தம்பியை ஜன்னலடியில் புல்லில் உட்கார வைத்துவிட்டு விளையாட ஓடிவிடுகிறாள். வாத்துக்கூட்டம் இறங்கி வந்து பையனைச் சிறகில் ஏற்றிக்கொண்டு பறந்துவிடுகிறது. இதற்குள் நான்கு செயல்கள் முடிந்துவிட்டன: பெரியவர்கள் அகலுதல், தடை விதித்தல், தடையை மீறுதல், தீங்கு.

அவள் தேடி ஓடுகிறாள். வழியில் ஓர் அடுப்பு. "என் ரை தானிய ரொட்டியைத் தின்றால் சொல்கிறேன்" என்கிறது. எங்கள் வீட்டில் கோதுமையே தின்ன மாட்டோம் என்று போய்விடுகிறாள். ஆப்பிள் மரம் தன் காட்டுப்பழத்தைத் தின்னச் சொல்கிறது, பால் ஓடும் ஆறு ஒன்று தன் கூழைப் பாலோடு சாப்பிடச் சொல்கிறது. இரண்டுக்கும் அதே திமிர் பதில். மூன்று சோதனை, மூன்றிலும் தோல்வி. கடைசியில் ஒரு முள்ளெலி. எட்டி உதைக்கலாம் என்று நினைத்தவள், முள் குத்தும் என்று பயந்து, மரியாதையாக வழி கேட்கிறாள். அது காட்டிவிடுகிறது. கோழிக்கால் மேல் நிற்கும் குடிசை, உள்ளே பாபா யாகா என்ற சூனியக் கிழவி, பலகையில் தம்பி தங்க ஆப்பிள்களை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறான். தூக்கிக்கொண்டு ஓடுகிறாள், வாத்துகள் துரத்துகின்றன. இப்போது பாலாறு, மரம், அடுப்பு எது கொடுத்தாலும் வாங்கித் தின்கிறாள்; அவை அவளை ஒளித்துவைக்கின்றன. வீடு வந்து சேர்கிறாள், அப்பா அம்மாவும் வந்துவிடுகிறார்கள்.

கவனித்தீர்களா, கல்யாணம் இல்லை, போலி நாயகன் இல்லை, சண்டைகூட இல்லை. துரத்தலும் தப்பித்தலும் ஆனதும் கதை நின்றுவிடுகிறது. 22-ஆம் செயலோடு சரி. 31 என்பது நிரப்ப வேண்டிய விண்ணப்பப் படிவம் ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. இன்னொன்று: பாட்டி சொன்ன கதையாகக் கேட்கும்போது அடுப்பும் மரமும் ஆறும் சும்மா அழகுக்கு வருபவை போலிருக்கும். பிராபின் கண்ணாடி வழியாகப் பார்த்தால், நாயகி ஒரே தேர்வை முதலில் தோற்று, உயிருக்கு ஓடும்போது திரும்ப எழுதிப் பாஸாகிறாள் என்பது தெரிகிறது. திரைக்கதை எழுதுகிறவர்களுக்கு இது போதும் என்று நினைக்கிறேன். உதவி கிடைப்பதற்கு முன்னால் சோதனை என்ற அந்த 12, 13, 14-ஆம் செயல்களின் சங்கிலிதான் மொத்தப் பட்டியலிலும் ஒரு கதாசிரியருக்கு நிஜமாகப் பயன்படும் பகுதி. நாயகனுக்குச் சக்தி எப்படிக் கிடைத்தது, அதற்கு அவன் என்ன கொடுத்தான் என்று கேட்க வைக்கும். மற்றபடி, ஆளே இல்லாமல் எழுதப்பட்ட கதையைப் போல உங்கள் படம் வர வேண்டுமானால் 31-ஐயும் வரிசையாகப் போடுங்கள்.

புத்தகம் 1928-ல் லெனின்கிராதில் (செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் அப்போதைய பெயர்) வெளிவந்தது. 'மாயக்கதையின் வடிவவியல்' என்றுதான் அவர் பெயர் வைத்திருந்தார். விற்பனைக்கு ஈர்ப்பாக இருக்கட்டும் என்று பதிப்பாசிரியர் அதை 'நாட்டார் கதையின் வடிவவியல்' ஆக்கிவிட்டார் என்று பிராப் பின்னாளில் குறைபட்டிருக்கிறார். எல்லா வகைக் கதைக்கும் சூத்திரம் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்கிறார் என்ற பழி அவர்மேல் விழுந்ததற்கு இந்த அட்டைப் பெயரும் ஒரு காரணம். நேரமும் சரியில்லை. இலக்கியத்தில் வடிவத்தைப் பற்றிப் பேசுவதே குற்றம் என்ற காற்று அடுத்த இரண்டொரு வருடத்தில் சோவியத் நாட்டில் வீச ஆரம்பித்தது. இரண்டு மூன்று மதிப்புரையோடு புத்தகம் அடங்கிப்போனது.

பிராப் 1932-ல் லெனின்கிராத் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், அங்கேயும் முதலில் ஜெர்மன்தான். முப்பதுகளின் இறுதியில்தான் முழுநேரமாக நாட்டார் வழக்காற்றியலுக்கு மாறினார். அதற்குள் அடுத்த புத்தகத்தின் வேலை முடிந்துகொண்டிருந்தது. 'மாயக்கதையின் வரலாற்று வேர்கள்'. முனைவர் ஆய்வேடாக முடித்த பிறகு போர் குறுக்கிட்டது. 1942-ல் முற்றுகைக்குள் இருந்த லெனின்கிராதிலிருந்து பல்கலைக்கழகத்தையே சராத்தவ் நகரத்துக்கு மாற்றினார்கள், பிராபும் போனார். சராத்தவுக்கு ஆற்றுக்கு அக்கரையில்தான் வோல்கா ஜெர்மானியரின் தன்னாட்சிக் குடியரசின் தலைநகரம் இருந்தது. முந்தைய வருடம் அந்தக் குடியரசையே கலைத்து, அங்கிருந்த ஜெர்மானியர் அத்தனை பேரையும் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அவருடைய முன்னோர் மண் அது. அந்த ஊரில், அந்தக் குடும்பப் பெயரோடு, ரஷ்யக் கதைகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார் மனிதர்.

'வேர்கள்' 1946-ல் அச்சானது. முதல் புத்தகமும் இதுவும் ஒரே பெரிய நூலின் இரண்டு பாகங்கள் என்பார் பிராப். கதைகளெல்லாம் அடியில் ஒன்றுதான் என்றால், ஏன் ஒன்று? அவர் சொன்ன விடை: பழங்குடிச் சமூகங்களில் பையன்களை ஆளாக்கும் சடங்கும், இறந்தவர் போகும் உலகத்தைப் பற்றிய நம்பிக்கையும்தான் மாயக்கதையின் இரண்டு பெரிய ஊற்றுகள். சடங்கு செத்துப்போனது, அதைப் பற்றிய பேச்சு கதையாக மிஞ்சியது.

பாபா யாகாவை அவர் எப்படிப் படிக்கிறார் என்று பார்த்தால் இந்த முறை பிடிபடும். சோவியத் காலத்தில் மலிவு விலைக்குத் தமிழில் வந்த ரஷ்யச் சிறுவர் நூல்களைப் படித்த தலைமுறைக்கு இந்தக் கோழிக்கால் குடிசை பழக்கமானதுதான். நாயகன் காட்டில் குடிசையைக் காண்கிறான். அதன் வாசல் அந்தப் பக்கம். "குடிசையே, குடிசையே, காட்டுக்கு முதுகைக் காட்டு, எனக்கு முகத்தைக் காட்டு" என்கிறான். அது சுழன்று திரும்புகிறது. இங்கே பிராப் ஒரு குழந்தையின் கேள்வியைக் கேட்கிறார்: எதற்கு இத்தனை பாடு, சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்க வாசலில் நுழைந்தால் என்ன? நுழைய முடியாது. ஏனென்றால் குடிசை நிற்பது ஓர் எல்லையில். இந்தப் பக்கம் உயிரோடு இருப்பவர்களின் உலகம், அந்தப் பக்கம் செத்தவர்களின் உலகம். குடிசை வழியாகத்தான் கடக்க வேண்டும், சொல்ல வேண்டிய சொல்லைச் சொன்னால்தான் கதவு திரும்பும்.

உள்ளே யாகா எப்படிக் கிடக்கிறாள்? ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை நீட்டிக்கொண்டு, மூக்கு கூரையில் முட்ட, ஒரு கால் எலும்பாக. இவ்வளவு பெரிய அரக்கி என்று நாம் படிப்போம். பிராப் வேறு மாதிரி படிக்கிறார்: அவள் பெரியவள் இல்லை, குடிசைதான் சின்னது. சவப்பெட்டிக்குள் கிடக்கும் பிணத்தின் கிடப்பு அது. நாயகன் நுழைந்ததும், "தூ, ரஷ்ய வாடை அடிக்கிறதே" என்கிறாள். அவளுக்குக் கண் தெரியாது, மோப்பம்தான் என்கிறார் பிராப். ரஷ்ய வாடை என்பது உயிருள்ள மனிதனின் வாடை. உயிரோடிருப்பவனின் வாடை செத்தவர்களுக்கு ஆகாது என்று சொல்லும் கதைகளைப் பல கண்டத்துப் பழங்குடிகளிடமிருந்து எடுத்து அடுக்குகிறார். நாயகன் பயப்படாமல், "முதலில் சாப்பாடு போடு, குளிக்க வை, அப்புறம் கேள்வி கேள்" என்று அதட்டுகிறான். அவளும் அடங்கிப் போட்டுவிடுகிறாள். செத்தவர்களின் உணவைத் தின்றவன் அந்த உலகத்துக்குள் போகத் தகுதி பெறுகிறான் என்பது விளக்கம்.

புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த கருத்து, சடங்கு கதையில் தலைகீழாவது பற்றியது. நல்ல விளைச்சல் வேண்டி ஒரு பெண்ணை ஆற்றுக்கோ நீர்ப்பிராணிக்கோ பலி கொடுத்த காலம் ஒன்று இருந்தது என்று வையுங்கள். அப்போது ஒருவன் குறுக்கே பாய்ந்து அவளைக் காப்பாற்றியிருந்தால் ஊருக்கே துரோகி. பயிர் போய்விடும் அல்லவா? சடங்கின் மேல் நம்பிக்கை போன பிறகு அதே காட்சியைக் கதை சொல்லும்போது, பலி வாங்க வந்தது பயங்கரமான நாகம் ஆகிறது, குறுக்கே பாய்ந்தவன் வீரன் ஆகிறான். அதாவது பழைய வாழ்க்கையைக் கதை அப்படியே படம் பிடித்து வைப்பதில்லை. சில சமயம் அதை வெறுத்துத் திருப்பிப் போடுகிறது.

சரி, இதெல்லாம் நிரூபணமா? இல்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு சடங்கு, வட அமெரிக்காவில் ஒரு நம்பிக்கை, ஆப்பிரிக்காவில் ஒரு வழக்கம் என்று எடுத்து ரஷ்யக் காட்டுக் குடிசைக்கு ஒட்டுவது அந்தக் கால மானிடவியலின் பழக்கம். இன்று யாரும் அவ்வளவு துணிய மாட்டார்கள். ரஷ்ய மண்ணில் அந்தச் சடங்கு அந்த வடிவத்தில் இருந்ததற்கு அவரிடம் நேரடிச் சான்று கிடையாது. எல்லாச் சமூகங்களும் ஒரே படிகளில் ஏறி வந்தவை என்ற நம்பிக்கையின் மேல்தான் கட்டடம் நிற்கிறது. இருந்தாலும், யாகாவின் குடிசையை ஒருமுறை அவரோடு சேர்ந்து பார்த்துவிட்டால் பழையபடி பார்க்க முடிவதில்லை.

அவருக்கு அடி விழுந்ததோ வேறு காரணத்துக்காக. 1948 வாக்கில் வெளிநாட்டுப் பண்டிதர்களுக்குப் பணிந்துபோகிறார்கள் என்று சொல்லி அறிஞர்களை வேட்டையாடும் இயக்கம் நடந்தது. இத்தனை மேற்கத்திய ஆசிரியர்களை மேற்கோள் காட்டிய புத்தகம் தப்புமா? கூட்டங்களிலும் பத்திரிகைகளிலும் தாக்கினார்கள். அடுத்த வருடம் அதே துறையின் பெரிய தலைகளான ஷிர்முன்ஸ்கி, ஐஹென்பாம், அஸதோவ்ஸ்கி, குக்கோவ்ஸ்கி நால்வரையும் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கினார்கள். குக்கோவ்ஸ்கி காவலில் இருக்கும்போதே இறந்தார். பிராப் வேலையில் தப்பிப் பிழைத்தார். 1955-ல் வந்த அவருடைய வீரகாவிய ஆராய்ச்சியில் அந்தக் காலத்துச் சம்பிரதாய வாசகங்கள் கூடுதலாக இருப்பதை இதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும். காவியம் நடந்த சம்பவத்தின் பதிவு கிடையாது, மக்களின் ஆசை வடிவம் என்ற அதன் மைய வாதம் மட்டும் இன்னும் நிற்கிறது.

இதற்கிடையே மறந்துபோன 1928 புத்தகம் அமெரிக்காவில் 1958-ல் ஆங்கிலத்தில் வந்தது. 30 வருடம் கழித்து, ஆசிரியருக்கு 60 வயது தாண்டிய பிறகு உலகப் புகழ். பிரெஞ்சு மானிடவியலாளர் கிளாத் லெவி-ஸ்ட்ராஸ் 1960-ல் நீண்ட கட்டுரை எழுதினார். பாராட்டுத்தான், ஆனால் உள்ளே கத்தி: வடிவத்தை மட்டும் பிடித்துக்கொண்டு உள்ளடக்கத்தை விட்டுவிட்டார், எல்லாக் கதையும் ஒன்று என்று காட்டிய பிறகு ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய வழியில்லை என்றார். 1966-ல் இத்தாலியப் பதிப்பில் பிராப் பதில் எழுதினார். வழக்கமாக அடங்கிப் பேசும் மனிதர், அதில் கோபம் தெரிகிறது. அவர் தத்துவவாதி, நான் தரவுகளை உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பவன் என்றார். வரலாற்றை நான் கைவிடவில்லை, அதற்கென்றே தனிப் புத்தகம் எழுதினேன், அதைப் படிக்காமல் என்னை வடிவவாதி என்கிறார் என்பது முறையீடு. லெவி-ஸ்ட்ராஸ், நான் மரியாதை செலுத்தத்தான் எழுதினேன், இப்படி எடுத்துக்கொண்டது வியப்பாக இருக்கிறது என்று சின்னக் குறிப்போடு முடித்துக்கொண்டார். ஒருவர் புராணத்தின் அடியில் ஓடும் தர்க்கத்தைத் தேடினார், மற்றவர் கதை நடக்கும் வரிசையைத் தேடினார். இரண்டு பேரும் தேடியது வேறு வேறு பொருள் என்பதால் இதில் தீர்ப்பு சொல்ல எதுவும் இல்லை. ஆனால் முறையீட்டில் பிராப் பக்கம் நியாயம் இருக்கிறது. இன்றும் வகுப்புகளில் நடப்பது அதுதானே.

பட்டியலின் ஓட்டைகளையும் சொல்லிவிட வேண்டும். வரிசை மாறவே மாறாது என்பது ரஷ்யக் கதைகளிலேயே எல்லா இடத்திலும் தாக்குப்பிடிக்கவில்லை. அவரே விதிவிலக்குகளுக்குச் சமாதானம் சொல்கிறார். நாயகன் அரியணை ஏறும் கதையை மனதில் வைத்துச் செய்த சட்டம் என்பதால் நாயகி தாங்கிச் செல்லும் கதைகள் கொஞ்சம் இடிபடும். சொல்பவர் யார், எந்த நேரத்தில் யாருக்குச் சொன்னார், எங்கே நிறுத்திச் சிரிக்க வைத்தார் என்பதெல்லாம் இதில் வராது. அச்சான வாசகத்தை மட்டும் பார்த்த ஆராய்ச்சி இது.

ஆனால் சிரிப்பைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறார், அதை யாரும் சொல்வதில்லை. 1939-ல் வந்த நீண்ட கட்டுரை அது. சிரிக்கவே சிரிக்காத இளவரசியின் ரஷ்யக் கதையை எடுத்துக்கொண்டு, அவளைச் சிரிக்க வைத்தவனுக்கு ஏன் ராஜ்யமே கிடைக்கிறது என்று கேட்கிறார். செத்தவர்களின் உலகத்தில் சிரிப்புக்குத் தடை. பிறப்பும் விளைச்சலும் இருக்கும் இடத்தில் சிரிப்பு கட்டாயம். மகளை இழந்து வயலைக் காயவிட்ட கிரேக்கத் தாய்த்தெய்வம் தெமெத்தெரைச் சிரிக்க வைத்த கதையை இதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறார். 1963-ல் எழுதிய ரஷ்ய உழவர் திருவிழாக்கள் பற்றிய நூலிலும் இதே இழை ஓடுகிறது. குளிர்காலத்தை வழியனுப்பும் மாஸ்லெனித்ஸா திருவிழாவில் வைக்கோல் பொம்மைக்கு ஒப்பாரி வைப்பதுபோல் வைத்து, ஊரே சிரித்துக்கொண்டு அதை எரிக்கிறது. இறுதிச் சடங்கும் கேளிக்கையும் ஒரே நிகழ்ச்சியில். வருடத்தின் எல்லாப் பண்டிகைகளையும் பிரித்துப் பார்த்தால் இறந்தோர் நினைவு, சடங்குச் சாப்பாடு, பச்சைக் கிளை, சாவும் சிரிப்பும், விளையாட்டு என்று சில உறுப்புகளே திரும்பத் திரும்ப வருகின்றன என்கிறார். கதைகளுக்குச் செய்ததையே பண்டிகைகளுக்கும் செய்திருக்கிறார்.

நடுவில், 1957-ல், அஃபனாசியெவின் தொகுப்பை மூன்று தொகுதிகளாக மறுபடி பதிப்பித்துக் கொடுத்தார். 1928 புத்தகத்தின் இரண்டாம் ரஷ்யப் பதிப்பு 1969-ல்தான் வந்தது, 41 வருடம் கழித்து. அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு 1970 ஆகஸ்டில் லெனின்கிராதில் காலமானார். நகைச்சுவையைப் பற்றி எழுதி வைத்திருந்த நூல் 1976-லும், 'ரஷ்யக் கதை' என்ற நூல் 1984-லும் வெளிவந்தன.

படிக்க வேண்டுமானால் வகுப்பில் கொடுத்த பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் அஃபனாசியெவின் கதைகளில் 20, 30 படியுங்கள். ஆங்கிலத்தில் சுலபமாகக் கிடைக்கின்றன. அப்புறம் 'ரஷ்யக் கதை'. வகுப்பறையில் பேசுகிற தொனியில் எழுதியது, தடங்கல் இல்லாமல் போகும், இதற்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. 1984-ல் ஆங்கிலத்தில் வந்த கட்டுரைத் தொகுப்பில் சிரிப்புக் கட்டுரையும், லெவி-ஸ்ட்ராஸுக்குச் சொன்ன பதிலும், 'வேர்கள்' நூலிலிருந்து சில பகுதிகளும் இருக்கின்றன. 'வடிவவியல்' கடைசியில் போதும். அதில் கதைகளைக் குறியெழுத்துகளாக எழுதிக் காட்டும் பின்னிணைப்பைத் தாண்டிப் போனாலும் பாவமில்லை.